ஒன்றும் தெரியாத மாத்திரை: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் அதன் மருந்துகளும்

தை மாதம். சம்பா அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் இருக்கும் எங்கள் மருந்துக்கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். வயலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். தலையில் கட்டியிருந்த துண்டு முழுக்க நெல்தூசி. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டினார். அவர் மனைவிக்கு எழுதியது. மூன்று மாத்திரைகள்.

"மொத ரெண்டும் கொடு தம்பி. மூணாவது வேணாம்."

"ஏன் மாமா?"

"வெலையும் ஜாஸ்தி, போட்டா ஒண்ணும் தெரியவும் மாட்டேங்குது. மொதல்ல இருக்கறத போட்டா படபடப்பு அடங்கிடுது. அது போதும்."

முதலில் இருந்தது மெட்டோப்ரோலால். இரண்டாவது பிபி மாத்திரை. அவர் வேண்டாம் என்ற மூன்றாவது அபிக்ஸபான். அந்த அம்மாவுக்கு வந்திருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். டாக்டர்கள் சுருக்கமாக ஏஎஃப் என்பார்கள். அந்தச் சீட்டில் எதைக் கைவிடவே கூடாது என்று என்னைக் கேட்டால், அந்த மூன்றாவதைத்தான் காட்டுவேன். ஏன் என்று கவுண்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் பார்ப்போம். இதயத்துக்கு நான்கு அறைகள். மேலறைகள் இரண்டும் ரத்தத்தை வாங்கிக் கீழே தள்ளும். கீழறைகளில் ஒன்று நுரையீரலுக்கும் மற்றொன்று உடம்புக்கும் அனுப்பும். எப்போது சுருங்குவது என்பதை வலது மேலறையின் உச்சியில் இருக்கும் ஒரு சின்னத் திசு முடிவு செய்கிறது. அங்கிருந்து நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பு கிளம்பும். மேலறைகள் சுருங்கும், ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி, அப்புறம் கீழறைகள் சுருங்கும்.

ஏஎஃப் வந்தவருக்கு மேலறைகளில் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. ஒரே இடத்திலிருந்து கிளம்ப வேண்டிய மின்துடிப்பு கண்ட இடத்திலும் கிளம்பிச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை போகும். அந்த வேகத்தில் எந்தத் தசையும் சுருங்கி விரிய முடியாது, வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும்.

அத்தனை துடிப்பும் கீழறைக்கு இறங்கினால் ஆள் தாங்க மாட்டார். நல்லவேளையாக, நடுவில் ஒரு ஷட்டர் இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஆற்றில் வரும் தண்ணீர் முழுதும் நம் வாய்க்காலுக்குள் வந்துவிடுவதில்லை. தலைப்பில் ஷட்டரை எவ்வளவு தூக்கி வைத்திருக்கிறார்களோ அவ்வளவுதான் வரும். இதயத்தில் அந்த ஷட்டருக்கு ஏவி நோட் என்று பெயர். மேலே 500 துடிப்பு இருந்தாலும் அது கீழே விடுவது 100, 150 என்ற கணக்கில்தான். ஆனால் எதை விடும், எதை நிறுத்தும் என்பதில் ஒரு முறை கிடையாது. அதனால் நாடியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்று வேகமாக வரும், அடுத்தது தாமதமாக வரும், ஒன்று பலமாக இருக்கும், இன்னொன்று தெரியவே தெரியாது. இசிஜி எடுத்தால் மேலறை சுருங்குவதைக் காட்டும் சின்ன மேடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நெளிவுதான் இருக்கும். நோயை உறுதி செய்வது இசிஜிதான்.

சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்குதல், அசதி. ஒன்றுமே தெரியாதவர்களும் உண்டு. வேறு எதற்கோ இசிஜி எடுக்கப் போய்க் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். வயது ஏற ஏற வருவது இது. பிபி, சுகர், உடல் பருமன், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, குடி ஆகியவை இதை இழுத்துக்கொண்டு வரும். நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு: சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப்போவது. மேலை நாடுகளில் இது அருகிவிட்டது, இங்கே இன்னும் பார்க்கிறோம். முப்பது நாற்பது வயதுப் பெண்களே இதற்காகச் சீட்டோடு வருகிறார்கள். அவர்கள் கதை கொஞ்சம் வேறு, பின்னால் வருகிறேன்.

தேங்கும் இடம்

படபடப்பு தொந்தரவுதான். ஆனால் ஏஎஃப்பில் பயப்பட வேண்டியது வேறொன்று. இடது மேலறையின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்கும்வரை அந்தப் பையிலிருக்கும் ரத்தமும் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறிவிடும். அறை நடுங்க மட்டுமே செய்தால் அங்கே ரத்தம் தேங்கும். ஓடுகிற ஆற்றில் வெங்காயத்தாமரை நிலைகொள்ளாது. முட்டுச்சந்தாக நிற்கும் வாய்க்காலின் கடைமடையில்தான் பாய் விரித்த மாதிரி மூடிக் கிடக்கும். ரத்தமும் அப்படித்தான், ஓட்டம் நின்ற இடத்தில் உறையும்.

உறைந்த கட்டி அங்கேயே கிடந்தால்கூடப் பரவாயில்லை. ஒருநாள் பெயர்ந்து கிளம்பும். மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிந்து போவதைப் போல, இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயும் கிளை கிளையாகப் பிரிகிறது. தொடக்கத்திலேயே பிரியும் சில கிளைகள் கழுத்து வழியாக மூளைக்குப் போகின்றன. கட்டி அந்த வழியில் ஏறி ஒரு குழாயை அடைத்துவிட்டால், அதுதான் பக்கவாதம். ஏஎஃப் இல்லாதவரோடு ஒப்பிட்டால் ஏஎஃப் உள்ளவருக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. படபடப்பு வந்துவந்து போகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆக, ஏஎஃப்புக்கு எழுதும் மருந்துகள் மூன்று வேலைகளில் ஒன்றைச் செய்கின்றன. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. ஷட்டரை இறக்கிக் கீழறையின் வேகத்தைக் குறைப்பது இன்னொன்று. மேலறையையே பழைய ஒழுங்குக்குக் கொண்டுவரப் பார்ப்பது மூன்றாவது. கடைசி இரண்டும் செய்யும் வேலை உடம்புக்குத் தெரியும். முதலாவது செய்வது தெரியாது. பெரியவர் அதைத்தான் வேண்டாம் என்றார்.

எலி மருந்திலிருந்து வந்தது

ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை நம் ஊரில் 'ரத்தம் மெலிசாகிற மாத்திரை' என்கிறோம். உண்மையில் ரத்தம் தண்ணியாவதில்லை. உறைவதற்கு எடுக்கும் நேரம்தான் கூடுகிறது. இந்தப் பேச்சுவழக்கால் ஒரு சங்கடம்: 'எங்க அம்மாவுக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மி, இதுல மெலிசாக்கணுமா?' என்று கேட்கிறார்கள். ரத்தசோகை வேறு விஷயம். அது இருந்தால் ஏன் என்று டாக்டர் பார்த்தாக வேண்டும்தான், ஆனால் இந்த மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைப்பதில்லை.

இந்த வகையில் பழையது வார்ஃபரின். அதன் கதையை நெல் விவசாயியிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். 1920களில் வட அமெரிக்காவில், ஈரத்தில் கெட்டுப் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப்பயிரைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி செத்த மாட்டையும் ஒரு கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கே போய் இறங்கினார். லிங்க் குழுவினர் சில ஆண்டுகள் உழைத்து அந்தத் தீவனத்தில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வாரிசுதான் வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதித்தார்கள். அடுத்த ஆண்டே, மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் நம் வரப்புகளில் எலிக்கு வைக்கும் புரோமாடியோலோன் இதே குடும்பம்தான்.

'எலி மருந்தையா கொடுக்கிறீர்கள்' என்று கேட்டால், ஆமாம், அளவு வேறு என்பதுதான் பதில். அளவு என்பதுதான் இந்த மாத்திரையின் முழு விஷயமும். கல்லீரல் ரத்தம் உறைவதற்கான புரதங்களைத் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். அதை மறுபடி மறுபடி பயன்படுத்தவிடாமல் இந்த மாத்திரை தடுக்கிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் தீர வேண்டும் என்பதால் முழுப் பலன் தெரிய நாலைந்து நாள் ஆகும். ஒருவருக்கு 2 மில்லிகிராம் போதும், இன்னொருவருக்கு 6 வேண்டியிருக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்து, உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற எண்ணைப் பார்த்து அளவை முடிவு செய்கிறார்கள். மாத்திரை போடாதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். ஏஎஃப் உள்ளவருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 2-க்குக் கீழே இறங்கினால் பாதுகாப்பு போதாது, 3-ஐத் தாண்டிப் போகப் போக ரத்தக்கசிவு ஆபத்து கூடும். ஆரம்பத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை, நிலைபெற்ற பிறகு மாதம் ஒருமுறை என்று பார்ப்பார்கள். நம் பக்கம் வார்ஃபரினைவிட அசினோகூமரால் அதிகம் எழுதப்படுகிறது. நிகோமலோன் என்றாலும் அதுதான். வேலை ஒன்றே.

எங்கள் கடைக்கு வரும் ஓர் அக்கா, வால்வு சுருங்கியவர், நாற்பது பக்க நோட்டில் ஐஎன்ஆரை எழுதி வைத்திருக்கிறார். ஒரு சமயம் 1.6, அடுத்து 3.4, பிறகு 1.9 என்று எண் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வந்தது. கீரையே கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் வாரக்கணக்கில் கீரை பக்கமே போக மாட்டார். ஏகாதசி விரதம் இருந்தால் மறுநாள் துவாதசிக்கு மட்டும் அகத்திக்கீரை. விரதம் விட்டதைச் சேர்த்துவைத்து நிறையவே சாப்பிடுவார். சில மாதம் விரதம், சில மாதம் இல்லை. கீரையில் வைட்டமின் கே அதிகம். கீரை கூடினால் மாத்திரையின் பலன் குறையும், கீரையை நிறுத்தினால் கூடும். எண் ஆடியதற்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய டாக்டர் சொன்னது இதுதான்: கீரையை விடாதே, வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடு, அதற்கேற்ப மாத்திரையை நான் வைத்துக்கொள்கிறேன். முருங்கைக்கீரை வளர்கிற வீட்டில் கீரையைத் தடை செய்வது நடக்கிற காரியமும் இல்லை.

புதியவை

2010 வாக்கில் வேறு வகை வந்தது. டாபிகாட்ரான் முதலில், பிறகு ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், எடோக்ஸபான். இவை வைட்டமின் கே பக்கம் போவதில்லை. உறைதல் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியை நேரடியாகப் பிடிக்கின்றன. போட்ட சில மணி நேரத்தில் வேலை செய்யும். ஐஎன்ஆர் பார்க்க வேண்டாம், கீரைத் தொல்லை இல்லை. மூளைக்குள் ரத்தம் கசிவது வார்ஃபரினைவிட இவற்றில் குறைவு. வால்வு நோய் இல்லாத ஏஎஃப்புக்கு இப்போது முதலில் எழுதுவது இவற்றைத்தான்.

வசதி இருக்கும் இடத்தில் ஒரு பலவீனமும் இருக்கிறது. சீக்கிரம் வேலை செய்வது சீக்கிரம் போயும் விடும். ஒருநாள் போடாவிட்டால் மறுநாள் பாதுகாப்பு இல்லை. ரத்தப் பரிசோதனை இல்லாததால் போடவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கவும் ஆளில்லை. அபிக்ஸபான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. காலை வேளையை மட்டும் போட்டுவிட்டு 'பாதியாவது உள்ள போகுதே' என்று நினைப்பவர்களை எனக்குத் தெரியும். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிட வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ரிவரோக்ஸபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் கணிசமான பங்கு உடம்பில் ஏறாமலே போய்விடும். விரத நாளில் வெறும் தண்ணீரோடு விழுங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விரதம் பிடிக்கிறவர் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் வேறு மாத்திரையை யோசிக்கலாம். டாபிகாட்ரான் கேப்சூலைப் பிரித்துக் கொட்டிக் கொடுக்கக் கூடாது, அளவுக்கு மேல் ரத்தத்தில் ஏறிவிடும். ஈரமும் ஆகாது. ஐப்பசி அடைமழையில் அட்டையிலிருந்து உரித்து டப்பாவில் போட்டு வைப்பது அதற்கு ஒத்துவராது. வயிற்றெரிச்சலும் சிலருக்கு வரும்.

இவை எல்லாமே கொஞ்சமோ நிறையவோ சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. அதனால் வருடம் ஒருமுறையாவது, வயதானவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கிரியாட்டினின் பார்க்க வேண்டும். அபிக்ஸபானின் வழக்கமான அளவு 5 மில்லிகிராம், இரண்டு வேளை. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது குறைவு, கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் 2.5 ஆகக் குறைப்பார்கள். நம் பக்கத்து ஆட்களில் 60 கிலோவைத் தொடாதவர்கள் ஏராளம். எடை மட்டும் குறைவு என்பதற்காகப் பாதி அளவு எழுதுவது சரியில்லை; விலை கருதி நாமே மாத்திரையை உடைத்துப் போடுவது அதைவிட மோசம்.

புதியது எல்லோருக்கும் நல்லது என்றும் இல்லை. வாதக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய வார்ஃபரின் வகைதான். வாதக்காய்ச்சல் இதயநோயோடு ஏஎஃப் உள்ளவர்களிடம் ரிவரோக்ஸபானையும் பழைய வகையையும் ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளியானது. பழைய வகை போட்டவர்களுக்குத்தான் பக்கவாதமும் இறப்பும் குறைவாக இருந்தன. நோட்டுப் போட்ட அக்காவிடம் யாராவது 'இன்னும் எதுக்கு அந்தக் காலத்து மாத்திரை' என்று கேட்டால் இதுதான் பதில். அவரைப் போன்ற வயதுப் பெண்கள் ஒன்றை மறக்கக் கூடாது: வார்ஃபரின் வகை கருவுக்குக் கெடுதல். குழந்தைக்குத் திட்டமிடும்போதே, நாள் தள்ளிப்போகும் முன்பே, டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

யாருக்கு உறையாமை மாத்திரை தேவை என்பதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு உண்டு. இதயம் பலவீனமாக இருந்தால் 1, பிபி 1, சுகர் 1, மாரடைப்பு அல்லது கால் ரத்தக்குழாய் அடைப்பு 1, வயது 65 முதல் 74 வரை 1, 75 ஆகிவிட்டால் 2, ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துவந்தார்கள். 2024-இல் ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை எடுத்துவிட்டது. 2 அல்லது அதற்கு மேல் வந்தால் மாத்திரை வேண்டும், 1 என்றால் டாக்டர் யோசித்துச் சொல்வார். வால்வு சுருங்கியவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், நேராக மாத்திரைதான். பெரியவரின் மனைவிக்கு 68 வயது, பிபி, சுகர். கூட்டினால் 3.

'அதுக்குப் பதிலா ஆஸ்பிரின் போடலாமே, விலை குறைவு' என்பது அடிக்கடி வரும் கேள்வி. போதாது. வார்ஃபரின் போட முடியாதவர்களிடம் ஆஸ்பிரினையும் அபிக்ஸபானையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. ஆஸ்பிரின் போட்டவர்களில் ஆண்டுக்கு 3.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ உடம்பில் வேறிடத்தில் அடைப்போ வந்தது. அபிக்ஸபான் போட்டவர்களில் 1.6. பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆஸ்பிரின் சாதுவானது, மற்றது முரட்டு மாத்திரை என்ற எண்ணம் தவறு. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரின் வேறு காரணத்துக்காக எழுதுவது. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி, எச்சரிக்கைகள். இந்த மாத்திரை போடுபவர்கள் கடையில் வந்து 'மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க' என்று கேட்டால் நான் டைக்ளோஃபெனாக் எடுப்பதில்லை. வயிற்றில் ரத்தம் கசிய அது ஒன்று போதும். பாராசிட்டமால் வாங்கிப்போகலாம். வார்ஃபரின் வகை போடுபவர்களுக்கு மெட்ரோனிடசோல் போன்ற சில ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் ஐஎன்ஆரை எகிற வைக்கும். காய்ச்சல் என்று போனவுடன் 'ஒரு ஊசி போட்டுவிடுங்க' என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. இடுப்பில் தசைக்குள் போடும் அந்த ஊசி இவர்களுக்கு ஆகாது. அப்படிப் போட்டுக்கொண்ட ஒருவருக்கு இடுப்பிலிருந்து தொடைவரை கத்திரிக்காய் நிறத்தில் கட்டிக்கொண்டு பத்து நாள் நடக்க முடியாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். போட்டவரிடம் அவர் சொல்லவில்லை, போட்டவரும் கேட்கவில்லை. பல் பிடுங்கும் முன்பும் சொல்ல வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. கருக்கரிவாள் விரலில் பட்டால் பயப்பட வேண்டாம், பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் நிற்கும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ காத்திருக்கக் கூடாது. தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

ஷட்டரை இறக்குவது

வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகள் மேலறையின் குழப்பத்தைத் தொடுவதில்லை. ஆற்றில் வெள்ளம் அப்படியே ஓடும், நம் வாய்க்காலுக்கு அளவாக வரும். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் முதலில். ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்; சட்டென்று நிறுத்தினால் துடிப்பு முன்னைவிட வேகமாகக் கிளம்பலாம். டில்டியாசெம், வெராபமில் இன்னொரு வகை, இதயத்தின் பம்ப் பலவீனமானவர்களுக்கு இவை கூடாது. உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு 110-க்குக் கீழே இருந்து தொந்தரவும் இல்லையென்றால் பலருக்கு அது போதும் என்று 2010-இல் வந்த ரேஸ் 2 ஆய்வு காட்டியது. மூச்சு வாங்கினால் 80 வரை இறக்கப் பார்ப்பார்கள். வீட்டில் நாடி பார்ப்பவர்கள் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். ஏஎஃப்பில் அது ஏமாற்றும், முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

டிஜாக்சின் இந்த வகையில் கிழவர். நரிக்கையுறை என்ற ஐரோப்பியச் செடியின் இலையைப் பற்றி வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785-இல் எழுதியதிலிருந்து தொடங்குகிறது அதன் வரலாறு. நம் கொல்லை வேலியில் நிற்கும் அரளியில் இருக்கும் நஞ்சும் இதே இனம். ஆடு அரளியைத் தொடாது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் இடைவெளி குறைவு என்பதால்தான் பல டாக்டர்கள் 'சனி ஞாயிறு வேண்டாம்' என்று வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும் எழுதுகிறார்கள். சிறுநீரகம் தளர்ந்தாலோ பொட்டாசியம் குறைந்தாலோ சாதாரண அளவே அதிகமாகிவிடும். பசியின்மை, குமட்டல், பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது ஆகியவை அதன் அடையாளம். வாந்திக்கு மட்டும் மருந்து கேட்டு வருபவரிடம் 'வேறென்ன மாத்திரை போடுறீங்க' என்று நான் கேட்பது வம்புக்காக இல்லை.

ஒழுங்கையே திருப்புவது என்றால் அமியோடரோன் அதிகம் பயன்படுகிறது. பலன் உண்டு, பக்கவிளைவும் உண்டு. அதில் அயோடின் நிறைய. தைராய்டை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். கல்லீரல், நுரையீரலையும் தொடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை வேண்டும். வெயில் பட்டால் தோல் எரியும், நாளாக ஆக முகம் நீலம் பாய்ந்த மாதிரி ஆகலாம். நடவு வயலில் நாளெல்லாம் நிற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை: முழுக்கை சட்டை, தலையில் துண்டு கட்டாயம். நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். வார்ஃபரின் வகையோடு சேர்த்தால் ஐஎன்ஆர் மெல்ல மெல்ல ஏறும், அளவைக் குறைக்க வேண்டிவரும். டிஜாக்சினையும் ஏற்றிவிடும். ஃப்ளெகெய்னைடு, ப்ரோபாஃபெனோன், சோட்டலால் என்று வேறு சில உண்டு. முதல் இரண்டும் மாரடைப்பு வந்த இதயத்துக்கு ஆபத்து. எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

மின்அதிர்ச்சி கொடுத்து ஒழுங்கைத் திருப்புவதும், குழாய் விட்டுத் தசையைச் சுடுவதும் மருந்துக்கு அப்பாற்பட்டவை. ஒன்று மட்டும்: அதிர்ச்சி கொடுப்பதற்கு முன் வழக்கமாக மூன்று வாரமும் பின் நாலு வாரமாவது உறையாமை மாத்திரை போட்டாக வேண்டும். ஒழுங்கு திரும்பியதும் அறை உடனே பலமாகச் சுருங்கிவிடாது; கட்டி அப்போதும் உருவாகிப் பெயரலாம்.

வேகம் குறைப்பதா, ஒழுங்கைத் திருப்புவதா என்று நாலாயிரம் பேரை வைத்துப் பார்த்த அஃபர்ம் ஆய்வு 2002-இல் வெளியானது. உயிர்வாழ்வதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2020-இல் ஈஸ்ட் ஆய்வு, நோய் கண்ட ஒரு வருடத்துக்குள் ஒழுங்கைத் திருப்ப முயன்றால் பலன் உண்டு என்று காட்டியது. அதனால் புதிதாகக் கண்டறிந்தவர்களுக்கு இப்போது அந்தப் பக்கம் சாய்கிறார்கள். எனக்கு அஃபர்ம் ஆய்வில் மனதில் நிற்பது வேறு. இரண்டு பக்கத்திலும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது ஐஎன்ஆர் 2-க்குக் கீழே இருந்தவர்கள். நாடி ஒழுங்காகிவிட்டது என்று பார்த்து நிறுத்தியவர்களும் அதில் உண்டு.

அன்றைக்குப் பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மேலறை, பை, கட்டி, மூளைக்குப் போகும் குழாய் என்று ஒரு மாத்திரை அட்டையின் வெளிப்பெட்டியில் பேனாவால் கிறுக்கிக் காட்டினேன். மூணாறு தலைப்பைச் சொன்னதும் தலையாட்டினார்.

"எத்தினி நாளைக்குப் போடணும்?"

"அநேகமா ஆயுசுக்கும் மாமா. நிறுத்தறதுன்னா டாக்டர்தான் சொல்லணும்."

கொஞ்சநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டிருக்கிறார், பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை. விலை கட்டாவிட்டால் அதையும் டாக்டரிடமே சொல்லலாம், ஐஎன்ஆர் பார்த்துப் போடும் பழைய மாத்திரை இதைவிட மலிவு, அரசு ஆஸ்பத்திரியில் கேட்டும் பார்க்கலாம் என்றேன். நிறுத்துவதற்கு முன்னால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"சரி, பத்து நாளைக்குக் கொடு."

இரண்டு வேளைக் கணக்கில் இரண்டு அட்டை. ஒன்றின் பின்பக்கம் தீரும் தேதியை எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும், கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க நாலரை மணி நேரம்தான் அவகாசம், இந்த மாத்திரை போடுவதையும் அங்கே சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் அதே துண்டோடு வந்து நின்றார்.

"அந்த மூணாவது மட்டும் கொடு தம்பி. மத்த ரெண்டும் வீட்டுல இருக்கு."